டெபோரா படகு, பிளிம்மர் துறை

இந்த நூற்றாண்டில் மனிதகுலம் கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது எது என்று கேட்டால், விவரம் போதாதவர்கள் ரயில் எஞ்சின் என்பார்கள். சிலர் தந்தி என்பார்கள். நான் உயர் நீதிமன்றத்தின் உரிமையியல் நடைமுறை விதிகள் என்பேன். எஞ்சின் ஒரு மனிதனை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத்தான் கொண்டுபோகும். விதிகளோ, அவன் நின்ற இடத்தில் நிற்கும்போதே அவனை இல்லாமல் ஆக்கிவிடும். அதற்குக் கரியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

இதைச் சொல்ல எனக்கு அருகதை உண்டு. ஸ்டாஃபோர்ட்ஷயர் நிலக்கரிப் பகுதியில், டன்ஸ்லி நகரில், உயர் நீதிமன்றத்தின் கிளை அலுவலகத்தில் நான் கடைநிலை ஊழியன். அடுப்பு மூட்டுவேன், காகிதக் கட்டுகளைச் சுமப்பேன், மைக்கூடு நிரப்புவேன். அதற்கு முன் கால்வாயில் இருந்தேன். கரிப்படகில் பிறந்தவன். கால்வாய் மலைக்கு அடியில் புகுந்துபோகும் சுரங்கத்துக்குள், படகை இழுக்கும் குதிரை போக வழி கிடையாது. பலகையில் மல்லாந்து படுத்து, சுவரைக் காலால் உதைத்து உதைத்துப் படகை நகர்த்துவோம். முதுகு மரத்துப்போகும், முகத்தில் சேறு சொட்டும். இப்போது கோப்புகளை நகர்த்துகிறேன். வேலை ஒன்றுதான். சுரங்கத்துக்கு மட்டும் மறுமுனை இருந்தது.

உலகம் மெச்ச வேண்டிய அந்த வழக்கின் பெயர் ‘டனிக்ளிஃப் எதிர் பிளிம்மர் அண்ட் சன்ஸ்’. வாதி கெசியா டனிக்ளிஃப், படகுக்காரி. பிரதிவாதி, எங்கள் கால்வாயில் பாதிச் சரக்கை ஏற்றி இறக்கும் கம்பெனி.

நடந்தது சின்ன விஷயம். அந்தக் குளிர்காலத்தில் கால்வாய் உறைந்து கல்லானது. உறைந்துவிட்டால் படகுக்காரனுக்கு வேலை இல்லை. கெசியாவின் புருஷன் ஈனக், சொந்தப் படகு வைத்திருந்தவன். ‘டெபோரா’ என்று பெயர். அதைப் பிளிம்மர் துறையில் கட்டிவிட்டு, கம்பெனியின் பனி உடைக்கும் படகில் கூலிக்கு ஏறினான். அதில் வேலை எப்படியென்றால், கரையில் குதிரைகள் வரிசையாக இழுக்கும், ஆட்கள் நடுவில் உள்ள இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படகை இடமும் வலமும் ஆட்டுவார்கள். ஆட்ட ஆட்டப் பனி உடையும். அன்று பனி உடைவதற்கு முன் படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் ஏறி வந்தார்கள். ஈனக் வரவில்லை.

பிளிம்மர் நல்ல மனிதர். அடக்கத்துக்குத் தன் சொந்தக் குதிரை வண்டியில் மலர் வளையத்தோடு வந்தார். கெசியா அடக்கம் முடித்து மகளோடு திரும்பியபோது துறையின் வாசல் சாத்தியிருந்தது. உள்ளே டெபோராவின் பக்கவாட்டில் வரைந்திருந்த ரோஜாப் பூக்கள் மேல் பச்சைச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள். ஈனக் பெயர் இருந்த இடத்தில் கம்பெனி பெயர் ஏறியது. கம்பெனியின் நியாயம் எளிமையானது. படகு எங்கள் துறையில் நின்றது, அதை ஓட்டியவன் எங்கள் கூலியாளாகச் செத்தான், ஆகவே படகு எங்களுடையது. இந்தக் கணக்கில், மாதா கோவில் வாசலில் நின்ற பிளிம்மரின் குதிரை வண்டி அன்றே பாதிரியாருக்குச் சொந்தமாகியிருக்க வேண்டும். பாதிரியாருக்கு அவ்வளவு சட்டஞானம் இல்லை.

கெசியா எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். அவளிடம் மிச்சமிருந்தது இரண்டு. ஒன்று மகள் செலினா. இன்னொன்று படகு இழுக்கும் கோவேறு கழுதை, பெயர் பிஷப். பிஷப்பை விளக்குக் கம்பத்தில் கட்டிவிட்டு மாடிப்படி ஏறி வந்து, பதிவாளர் வெதர்பியின் மேசை முன் நின்றாள்.

“என் படகு எனக்கு வேணும். அவ்வளவுதான்.”

“அதெல்லாம் பிறகு” என்றார் வெதர்பி. பேனாவைத் தோய்த்தார். “வசிப்பிடம்?”

“படகு.”

“படகு சரி. வீடு எங்கே?”

“அதான் சொன்னேனே ஐயா. படகு.”

“இரவு எங்கே தூங்குவாய்?”

“படகுல.”

“சமையல்?”

“படகுல. தூங்குற எடத்துலயா சமைப்பேன்னு அடுத்துக் கேப்பீங்க. ஆமா. நடுவுல ஒரு தட்டி இருக்கு, பித்தளைக் குமிழ் வச்சது.”

வாதிக்கு விலாசம் இல்லாமல் வழக்கைப் பதிய முடியாது என்று விதி சொல்கிறது. கரி வாளியோடு பின்னால் நின்ற நான் மெதுவாகச் சொன்னேன். “அக்கா, மதகோரத்துச் சாராயக் கடை விலாசத்தைக் குடுங்க. படகுக்காரங்க எல்லாருக்கும் கடுதாசி அங்கதானே வருது?”

“அது கடைக்காரன் வீடுடா ஜேபஸ்.”

“சும்மா எழுதத்தானே.”

“பைபிள் மேல கைய வச்சுக்கிட்டு, நான் தரையில குடியிருக்கேன்னு சொல்லணுமா? எங்க வம்சத்துல எவளாவது தரையில குடியிருந்திருக்காளா? உங்க ஆத்தா இருந்தாளா? நீதான் தரையேறிட்ட. செங்கல்லுக்குப் பொறந்தவன் மாதிரி பேசற.”

கால்வாய் ஜனங்களைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது புரியும். எங்களில் ஒருவன் களவுக்குப் போய் ஜெயிலுக்குப் போனால் வாய்விட்டுப் பேசுவார்கள். ஒருவன் தரையில் வீடு எடுத்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். என்னைப் பற்றி இருபக்கக் கரையிலும் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார்கள். கெசியா ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் இந்த வழக்கு வரலாற்றில் இடம்பெற்றிருக்காது. அவள் சொல்லவில்லை.

“சரி, அந்தப் படகு இப்போது எங்கே நிற்கிறது?” என்று கேட்டார் வெதர்பி.

“அவங்க துறையிலதான். அவங்கதானே பூட்டி வச்சிருக்காங்க.”

வெதர்பி எழுதினார்: ‘டெபோரா’ படகு, பிளிம்மர் துறை, டன்ஸ்லி. மை ஒற்றும் தாளால் ஒற்றினார். முத்து முத்தான கையெழுத்து. ஒரு பெண்ணை இவ்வளவு அழகாக யாரும் புதைத்து நான் பார்த்ததில்லை.

முதல் விசாரணைக்கு பிளிம்மரின் வக்கீல் ஸ்கேஃப் வந்தார். மெலிந்த ஆள், தொண்டையைச் செருமினால் அதற்கும் கட்டணம் வாங்குகிறவர். படகைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. விலாசத்தைப் பற்றிப் பேசினார்.

“கனம் பதிவாளர் அவர்களே, மிதக்கும் பொருள் வசிப்பிடம் ஆகாது. வாத்தும்தான் மிதக்கிறது.”

வெதர்பி ஆழ்ந்து யோசித்தார். “வாத்துக்குப் புகைபோக்கி உண்டா?”

“இல்லை.”

“டெபோராவுக்கு உண்டு.” குறித்துக்கொண்டார். “வாத்துக்குக் கதவு?”

“கட்சிக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன்.”

அப்புறம் சுகாதாரப் பரிசோதகரின் சான்று வந்தது. எங்கள் படகுகளை சர்க்கார் அளந்து, இதில் இத்தனை பேர்தான் தூங்கலாம் என்று பக்கவாட்டில் எழுதிவைப்பது உண்டு. டெபோராவிலும் எழுதியிருந்தது. கட்சிக்காரரின் பச்சைச் சாயம் அதை மூடிவிட்டதே என்றார் ஸ்கேஃப். சாயத்துக்கு அடியிலும் வீடு வீடுதான் என்று வெதர்பி முழங்கினார். தீர்ப்பு: டெபோரா என்பது வாதியின் வசிப்பிடம், பிளிம்மர் துறை என்பது வாதியின் விலாசம், இது இந்த வழக்கு முடியும்வரை மாற்ற முடியாதது.

ஸ்கேஃப் குனிந்து வணங்கினார். தோற்ற வக்கீல் சிரித்ததை நான் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன்.

கெசியா படியிறங்கி ஓடினாள். “பிஷப்பு, வீட்டுக்குப் போறோம்டா!” என்று கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மதகில் காத்திருந்த படகுக்காரர்கள் தொப்பியை வீசினார்கள். யாரோ வேகவைத்த பட்டாணியும் பன்றியிறைச்சி உருண்டையும் வாங்கி வந்தார்கள். எல்லோருமாகப் பிளிம்மர் துறைக்குப் போனார்கள். வாசல் காவலாளி க்ளெக் நாயோடு நின்றான்.

“கதவத் தொறடா. அது என் வீடுன்னு கோர்ட்டே சொல்லிருச்சு.”

“வீடுன்னு சொல்லிச்சு சரி. உள்ள விடுன்னு சொல்லிச்சா?”

“வீடுன்னா உள்ள விடணும்லடா, மடப்பய.”

“அது பெரிய கேஸு. இன்னிக்கி முடிஞ்சது சின்னக் கேஸு. வக்கீலு தெளிவாச் சொல்லிட்டுப் போயிருக்காரு. நாய அவுத்து விடவா?”

நாய்க்கும் நடைமுறை விதிகள் தெரிந்திருந்தன. பிஷப்பை மட்டும் முகர்ந்து பார்த்தது, மற்றவர்களைப் பார்த்துக் குரைத்தது.

அதன்பின் கெசியா உறவுக்காரர்கள் படகில் மாறி மாறி இருந்தாள். மகளைக் கூட வைத்துக்கொள்ள முடியவில்லை. பரிசோதகர் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் ஒரு பிள்ளை கூடத் தூங்கக் கூடாதே. கெசியா தம்பியின் படகில் வடக்கே போனால் செலினா பெரியம்மா படகில் தெற்கே போவாள். நடுவில் ஏதாவது மதகில் இரண்டு படகும் சந்தித்தால், படகை மேலேற்றவும் கீழிறக்கவும் மதகுத் தொட்டியில் தண்ணீர் ஏறி இறங்குகிற நேரம் தாயும் மகளும் கரையில் உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள். மகள் கேட்பது ஒரே கேள்விதான். “எப்பம்மா நம்ம படகு வரும்?”

“ஹைக்கோர்ட்டுல இருக்குடி. பெரிய எடம். நேரம் ஆகும்.”

இந்தக் காலத்தில் ஸ்கேஃபின் குமாஸ்தா காட்டிய பண்பாட்டை நான் பாராட்டியாக வேண்டும். வாதிக்கு அனுப்ப வேண்டிய ஒவ்வொரு காகிதத்தையும் அவர் நேரில் எடுத்துக்கொண்டு பிளிம்மர் துறைக்குப் போனார். க்ளெக் அவருக்குக் கதவைத் திறந்து சல்யூட் அடித்தான். அவர் டெபோராவின் கதவைத் தட்டினார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பதில் வராததால், ஒரு பெண்ணின் வீட்டுக்குள் அநாகரிகமாக நுழையாமல், காகிதத்தைக் கதவிடுக்கில் சொருகிவிட்டு வந்தார். பிறகு எங்களிடம் வந்து, வாதியின் வீட்டிலேயே காகிதம் சேர்ப்பிக்கப்பட்டது என்று சத்தியம் செய்தார். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

முதல் காகிதம், படகு உன்னுடையது என்பதற்குச் சாட்சிகள் யார் என்று கேட்டது. இரண்டாவது, முதல் காகிதத்துக்கு ஏன் பதில் இல்லை என்று கேட்டது. மூன்றாவது, இப்படி நீதிமன்றத்தை அவமதிக்கும் வாதியின் வழக்கை ஏன் தள்ளுபடி செய்யக்கூடாது என்று கேட்டது. டெபோராவுக்கு வாசிக்கத் தெரியாது. பதில் போடவில்லை.

ஒரு நாள் காலை அடுப்பு மூட்டும்போதுதான் அன்றைய விசாரணைப் பட்டியலில் கெசியாவின் வழக்கு என் கண்ணில் பட்டது. கரி வாளியைப் போட்டுவிட்டு மதகுக்கு ஓடினேன். கால்வாயில் ஒரு சேதி தந்தியைவிட வேகமாகப் போகும். மதகுக்காரன் எதிரே வந்த படகுக்குச் சொன்னான், அந்தப் படகு அடுத்த மதகுக்குச் சொன்னது. கெசியா அப்போது சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாள். படகு சுரங்கத்துக்குள் ஊர்ந்து வரும்வரை பொறுக்க முடியாமல், பிஷப்பை இழுத்துக்கொண்டு மலைமேல் ஏறி நடந்தே வந்தாள். உள்ளே நுழைந்தபோது தலைத்துணியெல்லாம் கரித்தூள்.

“காகிதம் எனக்குக் கெடைக்கலீங்க ஐயா.”

“உன் வீட்டில் கிடந்தது” என்றார் வெதர்பி.

“என் வீட்டுக்குள்ள என்னை விட்டாதானே பாக்க முடியும்?”

ஸ்கேஃப் எழுந்தார். “ஆட்சேபிக்கிறேன். அது வாதியின் வீடா என்பதுதான் அசல் வழக்கு. அது இன்னும் விசாரணைக்கே வரவில்லை.”

“நீங்கதானே ஐயா என் வீடுன்னு தீர்ப்பு சொன்னீங்க?”

“விலாசத்துக்கு அது உன் வீடு. உரிமைக்கு இன்னும் ஆகவில்லை.”

“அப்போ காகிதம் உள்ள போலாம். நான் போகக் கூடாது.”

வெதர்பி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “சட்டத்தைச் சுருக்கமாகச் சொன்னால், அப்படித்தான்.”

“இன்னும் கொஞ்சம் பட்டினி கெடந்து, நானும் அந்த இடுக்குல பூந்து போற அளவுக்கு மெலிஞ்சுட்டா?”

“அது அத்துமீறல்” என்றார் ஸ்கேஃப். “அதற்குத் தனி வழக்கு.”

வழக்கு தள்ளுபடியானது. கெசியா மேல்முறையீடு என்றாள். வட்டாரத்துக்கு வந்திருந்த பெரிய நீதிபதி, புறாக்கறி போட்ட பணியாரம் சாப்பிட்டுவிட்டு வந்து, கண்கள் பாதி மூடிய நிலையில் முழுவதும் கேட்டார். பிறகு ஒரே வாக்கியம் சொன்னார். அடுத்த நாள் பத்திரிகைகள் அதைக் கட்டம் கட்டிப் போட்டன: ‘தன் வீட்டில் இல்லாமலிருப்பதன் மூலம் எவரும் ஆதாயம் தேட இந்த நீதிமன்றம் அனுமதிக்காது.’ நானும் அதை வெட்டி வைத்திருக்கிறேன். படிக்கும்போதெல்லாம் மயிர்க்கூச்செறிகிறது.

கெசியா அந்த வாக்கியத்தை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். சட்டம் படிக்காதவர்களிடம் உள்ள ஆபத்து இதுதான், சொன்னதை அப்படியே நம்பிவிடுவார்கள்.

மறுநாள் காலை, கரி வண்டிகளுக்காகத் துறையின் வாசல் திறந்திருந்தபோது, அவளும் செலினாவும் பிஷப்பும் வண்டிகளோடு வண்டியாக உள்ளே போனார்கள். தெற்கேயிருந்து மகளை அதற்காகவே வரவழைத்திருந்தாள். டெபோராவின் கதவைத் தோளால் முட்டித் திறந்தாள். தரையில் கிடந்த காகிதங்களைப் பொறுக்கினாள். அவளுக்கும் வாசிக்கத் தெரியாது. அடுப்பில் போட்டுப் பற்றவைத்தாள். உயர் நீதிமன்றத்தால் அந்தக் குடும்பத்துக்கு முதன்முறையாகக் கொஞ்சம் சூடு கிடைத்தது. கெட்டில் கொதிக்கிற நேரத்தில் க்ளெக் ஒரு கான்ஸ்டபிளோடு வந்தான்.

“வெளிய வா கெசியா.”

“எதுக்கு? பெரிய ஜட்ஜே சொல்லிட்டாரு, நான் வீட்டுல இல்லாததுதான் தப்புன்னு. அதான் வந்துட்டேன். டீ குடிக்கறியா?”

கான்ஸ்டபிள் டீ குடித்தார். அதன்பிறகு கைது செய்தார்.

எங்கள் கட்டடத்தில் மாடியில் உயர் நீதிமன்ற அலுவலகம், கீழ்த்தளத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட். மாஜிஸ்திரேட் ஓர் இரும்பாலை முதலாளி. அவர் ஆலைக்குக் கரி வருவது பிளிம்மர் படகுகளில். குற்றச்சாட்டு: வசிப்பிடம் ஏதுமின்றித் திரிந்து, பிறர் படகில் படுத்துறங்க முயன்றது. எனக்கு மாடியில் வேலை. ஆனால் அன்று கீழே அடுப்பு சரியாக எரியவில்லை என்று நானாகவே முடிவுசெய்து இறங்கினேன்.

“வசிப்பிடம்?” என்றார் மாஜிஸ்திரேட்.

“டெபோரா படகு, பிளிம்மர் துறை.” இப்போது அவளுக்கு அது மனப்பாடம்.

“அது பிளிம்மர் கம்பெனியின் சொத்து. உன் வசிப்பிடம் எது?”

“மாடியில கேளுங்க ஐயா. மாடியில ஹைக்கோர்ட்டு இருக்கு. அது என் வீடுன்னு எழுதி, ஒத்தி, பெட்டியில வச்சிருக்காங்க.”

“மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் சம்பந்தம் இல்லை.”

“படி இருக்கே ஐயா?”

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். அமைதி என்று கத்தினார்கள். கெசியாவுக்குச் சிறை. செலினாவுக்கு, போக்கிடமில்லாதவர்களை அடைத்துவைக்கும் ஏழைகள் விடுதி. பிஷப்பைப் பற்றிக் கேள்வி வந்தபோது ஸ்கேஃப் எழுந்து, கழுதை பிளிம்மர் துறையில் நின்றிருந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது என்று நினைவூட்டினார். மேற்கொண்டு வாதம் தேவைப்படவில்லை.

ஒரு வாரம் கழித்து வெதர்பி என்னைக் கூப்பிட்டு, மேல்முறையீட்டின் இறுதி உத்தரவை நீட்டினார். “இதை வாதியிடம் சேர்ப்பி.”

“அவங்க சிறையில இருக்காங்க ஐயா.”

“பதிவில் உள்ள விலாசம் என்ன?”

டெபோராவின் கதவிடுக்கில் அதைச் சொருகினேன். உள்ளே பிளிம்மரின் புதுப் படகோட்டி பன்றிக்கறி வறுத்துக்கொண்டிருந்தான். அடுப்பு மூட்ட வசதியாக இருக்கிறது, இன்னும் இருந்தால் கொண்டு வாங்க என்றான். பக்கவாட்டில் பச்சைச் சாயம் உரியத் தொடங்கியிருந்தது. அடியில் ஒரு ரோஜா பாதி தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சிறைக்குப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் கெசியா சுவரில் சாயாமல் நின்றிருந்தாள்.

“கடைசில என்னையும் தரையேத்திட்டீங்களேடா, ஜேபஸ்.”

அவள் சுவரை உள்ளங்கையால் தட்டிக் காட்டினாள்.

“கல்லுச் செவரு. ஆடவே மாட்டேங்குது. படுத்தா தூக்கம் வரல. செலினாவப் பாத்தியா?”

“பாத்தேன். மொட்டையடிச்சிருக்காங்க. சாப்பிடறா.”

“அவ பேருக்குப் பக்கத்துல விலாசம் என்னன்னு எழுதிருக்காங்க?”

“விலாசம் இல்லன்னு.”

“தப்பு. போய் டெபோரா படகுன்னு மாத்தி எழுதச் சொல்லு. சாயந்தரத்துக்குள்ள சொல்லிரு.”

விடுதிக்குப் போய்ச் சொன்னேன். விலாசம் மாற்ற வேண்டுமென்றால் உயர் நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டும் என்றார்கள்.

ஆகவே எங்கள் நீதித்துறையில் குறை காண்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இந்த வழக்கில் எந்தத் தவறும் நடக்கவில்லை. ஒரு காகிதமும் தொலையவில்லை. நிலையான விலாசம் இல்லாத ஒரு பெண்ணுக்கு, ஆடாத, மிதக்காத, வெளிப்பக்கம் பூட்டு உள்ள ஒரு விலாசம் கிடைத்தது. கெசியாவிடம் எங்கே குடியிருக்கிறாய் என்று மாடியில் கேட்டார்கள், கீழே கேட்டார்கள், சிறை வாசலில் கேட்டார்கள். குழந்தையிடமும் கேட்டார்கள். பிளிம்மரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. அவர் எங்கே குடியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். இந்தக் கட்டடத்தில்தான், மாடியிலும் கீழேயும். தினமும் காலையில் அவருக்கு அடுப்பு மூட்டுவது நான்தான்.